அம்மா வீட்டுக்குப் போவது விடுமுறை அல்ல

"உனக்கென்ன, ஜாலியா அம்மா வீட்டுக்குக் கிளம்பிட்ட!" ஊருக்குப் போகப் பையைத் தூக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார்கள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், மாடி வீட்டு அக்கா, சில சமயம் என் மகளே. நானும் சிரித்துவிட்டுப் படியிறங்குவேன். இருபது வருஷம் சிரித்தது போதும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் போய், மலையேறிக் கோத்தகிரி சேர பஸ்ஸில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். அங்கிருந்து எஸ்டேட்டுக்கு இன்னொரு பஸ். எஸ்டேட் லைன் வீட்டில் எழுபது வயதான என் அம்மா இருக்கிறார். அவரோடு இரண்டு நாள் இருந்துவிட்டு வர நான் பத்து நாள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதலில் தேதி. மகளுக்குப் பரீட்சை இருக்கக் கூடாது. கணவருக்கு மாதக் கடைசியாக இருக்கக் கூடாது. மாமனாருக்குச் சர்க்கரை பரிசோதனை, மாமியாருக்குச் சஷ்டி விரதம், நாத்தனார் பிள்ளைகளோடு வரும் வாரம், எனக்கு மாதவிடாய் வரும் நாள் என எல்லாவற்றையும் கழித்த பிறகு மிஞ்சுகிற சனி, ஞாயிறுதான் அம்மாவுக்கு. அடுத்தது அனுமதி. "போகட்டுமா?" என்று நாம் கேட்பதில்லை, படித்தவர்கள் அல்லவா! "போகலாம்னு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு முகத்தைப் பார்ப்போம். பிறகு மாவு அரைப்பது. மூன்று நாள் கெடாத புளிக்குழம்பு. மாமனாரின் மாத்திரைகளைக் காலை, மதியம், இரவு என்று பிரித்து வைப்பது. சிலிண்டர் பதிவு, பால் பாக்கி, குழாயில் தண்ணீர் வரும் நாள், மகளின் யூனிஃபார்ம். இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு, அம்மாவுக்கு இரண்டு மாத ரத்தக்கொதிப்பு மாத்திரை, தேங்காய், முருங்கைக்காய், கம்பளிக் காலுறை வாங்கிப் பையில் அடுக்கினால் 'ஜாலி' தொடங்குகிறது.

இதே வீட்டிலிருந்து என் கணவர் பொள்ளாச்சியில் இருக்கும் தன் சித்தியைப் பார்க்கப் போவார். சட்டையை மாட்டுவார், வண்டிச் சாவியை எடுப்பார், "சித்தியைப் பாத்துட்டு வந்துடறேன்" என்பார். அவ்வளவுதான். திரும்பி வரும்போது 'எவ்வளவு பாசமான பிள்ளை' என்ற பெயரும் கூடவே வரும். அவர் கொண்டுபோன பழமும் ஹார்லிக்ஸும் முந்தின நாள் நான் வாங்கி வைத்தவை. சித்திக்கு உடம்பு சரியில்லை என்பதை விசாரித்து அவரிடம் சொன்னதும் நான்தான்.

நான் சொல்ல வருவது இதுதான். வயதானவர்களைப் போய்ப் பார்ப்பது ஒரு வேலை. பாசம் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாசத்தால் பஸ் நேரம் பார்க்க முடியாது, மாத்திரை வாங்க முடியாது, வீட்டில் இருப்பவர்களுக்கு மூன்று வேளை சோறு போட முடியாது. அந்த வேலையை இரண்டு வீட்டுக்கும் சேர்த்துப் பெண்ணே செய்கிறாள். புகுந்த வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்தால் அது 'கடமை'. பெற்ற தாய்க்குச் செய்தால் அது நமக்குக் கொடுத்த 'சலுகை'. ஒரே உழைப்புக்கு இப்படி இரண்டு பெயர் வைத்திருப்பதால்தான் நம்மால் அதற்குக் கணக்குக் கேட்க முடிவதில்லை.

இந்த உழைப்புக்கு ஒரு சரியான பெயரை மானுடவியலாளர் மிக்கேலா டி லெயொனார்டோ 1987இல் எழுதிய கட்டுரையில் வைத்தார். கலிஃபோர்னியாவில் வாழ்ந்த இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களை ஆராய்ந்த அவர், வாழ்த்து அட்டை அனுப்புவது, தொலைபேசியில் விசாரிப்பது, யார் வீட்டுக்கு எப்போது போவது என்று முடிவு செய்வது, பண்டிகைக்கு எல்லோரையும் கூட்டுவது ஆகியவற்றை 'உறவுப் பணி' என்றார். கணவன் வீட்டு உறவுகளுக்கும் மனைவிதான் இதைச் செய்தாள். தம்பதி பிரிந்தாலோ தாய் இறந்தாலோ அந்தக் குடும்பத்தில் இந்தப் பணி செய்யப்படாமலே நின்றுபோனது. நம் ஊரிலும் பாருங்கள். அம்மா போன பிறகு பெரியப்பா வீட்டோடு பேச்சு நின்றுபோன குடும்பங்கள் எத்தனை! ரத்த சொந்தம் அப்பாவுக்குத்தான். அதை நடத்தியது அம்மா.

"சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்று நல்ல கணவர்கள் சொல்வார்கள். 2017இல் எம்மா என்ற பிரெஞ்சு ஓவியர் வரைந்த சித்திரக் கட்டுரையின் தலைப்பே ஏறக்குறைய இந்த வாக்கியம்தான். ஞாபகம் வைத்திருந்து சொல்வதும் வேலை என்பதே அதில் அவர் சொன்னது. மேற்பார்வையாளருக்கு எஸ்டேட்டில் சம்பளம் உண்டு. வீட்டில் மேற்பார்வையும் நமது, கூலி வேலையும் நமது.

நம் நாட்டு எண்களையும் பார்ப்போம். தேசிய அளவில் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 2019இல் ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. நமக்குப் பத்து நிமிடம் குறைந்தபோது அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது. இடைவெளி 202இலிருந்து 201 ஆனது. ஐந்து வருஷத்தில் ஒரு நிமிடம்! அதுவும் 'ஈடுபட்ட' ஆண்களின் கணக்கு. 2019 கணக்கெடுப்பில் பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்றாடம் இந்த வேலையில் இருந்தார்கள், ஆண்களில் 26 பேர்தான். குழம்பைக் கிளறிக்கொண்டே மனசுக்குள் தேதி பார்ப்பதை, மாத்திரை எண்ணுவதை, கணக்கெடுக்க வருபவரிடம் நாமே சொல்ல மாட்டோம். "சமைச்சேன்" என்றுதான் சொல்வோம்.

இதுவரை என் பக்கத்தைப் பேசினேன். போய்ப் பார்க்கப்படுகிறவரின் பக்கமும் இருக்கிறது.

நாங்கள் குடும்பமாக அம்மாவிடம் போவது மே மாதத்தில். பள்ளி விடுமுறை அப்போதுதான், கணவருக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். மே மாதத்தில் நீலகிரி எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களைக் கேளுங்கள். ஊட்டியில் மலர்க் கண்காட்சி. குன்னூர் பாதை ஏறுவதற்கு, கோத்தகிரி பாதை இறங்குவதற்கு என்று ஒருவழியாக்கிவிடுவார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேறு. மலைக்கு அது தேவைதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் கோவைப் பதிவெண் கொண்ட காரில், பிறந்த ஊருக்குப் போக இ-பாஸ் எடுத்து உட்கார்ந்திருந்தபோது, நான் அம்மாவைப் பார்க்கப் போகிறேனா அல்லது இவர்களுக்குக் குளிர்காற்று வாங்கித் தரப் போகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

நாங்கள் ஐந்து பேர் போய் இறங்குவோம். அம்மா நான்கு மணிக்கே எழுந்து தண்ணீர் பிடித்து வைத்திருப்பார். மருமகனுக்குக் கோழி அடித்து, பேத்திக்கு வர்க்கி வாங்கி வைத்து, இரண்டே அறை உள்ள லைன் வீட்டில் இருக்கும் கம்பளியையெல்லாம் எங்களுக்கு விரித்துவிட்டு, தான் அடுப்படியில் படுத்துக்கொள்வார். மூட்டு வலியோடு மூன்று நாள் எங்களுக்குச் சமைப்பார். திரும்பும்போது டீத்தூள், கேரட், மேரக்காய் என்று பையை நிரப்பி அனுப்புவார். 'அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்' என்று நாங்கள் ஊரில் சொல்வோம். மூன்று நாளும் எங்களைப் பார்த்துக்கொண்டது அவர்தான்.

அம்மாவுக்கு எங்கள் துணை தேவைப்படுவது மே மாதத்தில் இல்லை. அக்டோபர், நவம்பரில் மழை வலுக்கும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை மலையில் யாரும் மறக்கவில்லை. டிசம்பர், ஜனவரியில் குளிர் எலும்பைப் பிடிக்கும். ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் நடமாடும் பாதையில் மருந்து வாங்க ஒரு கிழவி தனியாக இறங்க முடியாது. அந்த மாதங்களில் நாங்கள் யாரும் போவதில்லை. மலையில் வெயில் அடிக்கும்போது போகிறோம், அம்மாவுக்குக் குளிரும்போது போனில் பேசுகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நவம்பரில் அம்மாவுக்கு ஊட்டியில் கண் ஆபரேஷன். தேதி ஒரு மாதம் முன்னாலேயே தெரியும். அதே வாரம் கணவரின் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். "நீ இல்லாம எப்படி?" என்றார்கள். "ஆபரேஷன்னா சின்னதுதானே, அரை மணி நேர வேலை" என்றும் சொன்னார்கள். நான் நூறு பேருக்குப் பந்தி பரிமாறினேன். அம்மாவோடு பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார். மாலையில் போன் செய்தபோது அம்மா, "நல்லா இருக்கேன்மா, விசேஷம் நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டார். என்னால் அன்று கோபப்படக்கூட முடியவில்லை. யார் மீது கோபப்படுவது? யாரும் என்னைப் பூட்டி வைக்கவில்லை. அதனால்தான் இதைப் பற்றிப் பேசுவது கஷ்டமாக இருக்கிறது.

என் அம்மாவைத் தடுத்தவர்கள் யார் என்று சொல்ல முடியும். அவர் இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு போட்டது. தேயிலையில் ரத்தம் சிந்தியவர்களிடம் யாரும் கேட்கவில்லை. என் பாட்டி இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். அம்மாவுக்குக் கல்யாணமாகியிருந்தது, மாமனார் இந்தியாவுக்குப் போட்ட விண்ணப்பத்தில் மருமகள் பெயரும் இருந்தது. நாடு மாறுவதும் புகுந்த வீட்டோடுதான். 1974இல் தலைமன்னார் போகும் ரயிலில் ஏறினார். அந்த ரயிலை அழுகைச் சத்தத்தால் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே மலையகத்தில் சொன்னார்கள். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரி. தாயகம் திரும்பியோருக்காகவே அரசு 1968இல் இந்த மலையில் தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்த காலம். அம்மாவுக்குக் கோத்தகிரிப் பக்கம் வேறொரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. 'ஒரு தடவை போய்ட்டு வரணும்' என்று சீட்டுப் போட்டுப் பணம் சேர்த்தார். 1984இல் போரினால் கப்பல் நின்றது. 1991இல் பாட்டி இறந்த செய்தி மூன்று வாரம் கழித்துக் கடிதத்தில் வந்தது.

என் அம்மாவையும் பாட்டியையும் பிரித்து வைத்தவை இரண்டு அரசாங்கங்களும் ஒரு போரும். எனக்கும் என் அம்மாவுக்கும் நடுவில் இருப்பது எழுபது கிலோமீட்டர் தார் ரோடும் இரண்டு டப்பா இட்லி மாவும்தான். இதையா நான் தாண்ட முடியாத தடையாக ஏற்றுக்கொள்வது?

சட்டம் என்ன சொல்கிறது? மணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் கடமை உண்டு என்று விஜயா மனோகர் அர்பட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1987இலேயே சொல்லிவிட்டது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 'பிள்ளைகள்' என்பதில் மகன், மகள், பேரன், பேத்தி எல்லோரையும் சேர்க்கிறது. சொத்திலும் 1989இல் தமிழ்நாட்டிலும் 2005இல் நாடு முழுவதிலும் மகளுக்குப் பங்கு வந்தது. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் சட்டம் வேறு. கடமை என்று வரும்போது "பொண்ணுதான் பாத்துக்கும்" என்கிறார்கள். "அப்ப அம்மா என்னோட வந்து இருக்கட்டும்" என்றால், "பொண்ணு வீட்டுச் சோத்துல உக்கார்றதா?" என்று கேட்கிறார்கள். அதைக் கேட்பவர்களில் என் அம்மாவும் ஒருவர். மகன் வீட்டில் இருப்பது கௌரவம், மகள் வீட்டில் இருப்பது கதியற்ற நிலை என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, அந்த மகன் வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்வது யார்? இங்கே நான் என்னையும் கூண்டில் ஏற்ற வேண்டும். தோட்டத்து வீடு வேலைக்கான வீடு. 1951ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்றது. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. அம்மா ஓய்வு பெற்றபோது அந்த லைன் வீடு கையை விட்டுப் போகாததற்குக் காரணம், என் அண்ணி அதே தோட்டத்தில் இலை எடுக்கப் போனதுதான். அண்ணன் குன்னூரில் டிரைவர். காலையில் பேர் கொடுத்து, எடை போட்டு, மாலையில் திரும்பி வரும் அண்ணிதான் அம்மாவுக்கு வெந்நீர் வைக்கிறார். நான் கோவையிலிருந்து போன் போட்டு, "அண்ணி, அம்மா மாத்திரை போட்டாங்களா? டாக்டர்கிட்ட எப்பக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்கிறேன். அண்ணனிடம் ஒரு நாளும் கேட்டதில்லை. என் நாத்தனார் என்னிடம் இதே மாதிரிக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது! அண்ணியின் அம்மா கூடலூரில் தனியாக இருக்கிறார். அண்ணி அவரைக் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதுதான் கேட்கவே தோன்றியது.

இப்படித்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டு ஆணின் கடமையும் அந்த வீட்டு மருமகளின் தலையில் இறங்குகிறது. அவளுடைய அம்மாவின் கடமை அவளுடைய அண்ணியின் தலையில். பெண்கள் ஒருவரையொருவர் போனில் விரட்டிக்கொண்டிருக்கிறோம், ஆண்கள் ஹாலில் டிவி பார்க்கிறார்கள். சண்டை வந்தால் 'மாமியார் மருமகள் பிரச்சனை', 'நாத்தனார் கொடுமை' என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். சண்டைக்குக் காரணமான வேலையைச் செய்யாமல் உட்கார்ந்திருப்பவரின் பெயர் அதில் வருவதே இல்லை.

"பொண்ணுங்களுக்குத்தான் அந்த அக்கறை இயல்பா வரும்" என்பார்கள். ஐந்து வயதிலிருந்து "பாட்டிக்குத் தண்ணி கொண்டு வாம்மா" என்று பெண் குழந்தையை மட்டும் கூப்பிட்டுப் பழக்கியது இயல்பா? "ஆம்பளைக்கு வேலை இருக்கு" என்பார்கள். எனக்கும் அலுவலகம் இருக்கிறது. அண்ணி எடுக்கும் இலைக்கும் எடை இருக்கிறது. "பெரியவங்க பேரைச் சொல்லிக் குடும்பத்தைப் பிரிக்கிறீங்க" என்பார்கள். பிரிக்கச் சொல்லவில்லை, வேலையைப் பகிரச் சொல்கிறோம். இந்த இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு அது தெரிய வேண்டிய அவசியம் இதுவரை இருந்ததில்லை.

2021 மே மாதம் தமிழ்நாட்டில் பெண்களுக்குச் சாதாரண நகரப் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மலைப் பகுதிக்கு 2024இல்தான் வந்து சேர்ந்தது. டிக்கெட் காசு ஒரு தடைதான், அது கொஞ்சம் விலகியது நல்லது. ஆனால் பஸ்ஸில் ஏறும் உரிமை வாங்கிய பிறகும் வாசற்படி தாண்ட ஃப்ரிட்ஜ் கதவில் தாள் ஒட்ட வேண்டியிருந்தால், மீதித் தடை எங்கே இருக்கிறது என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே தோழிகளே, என் வீட்டில் நான் செய்யத் தொடங்கியிருப்பதைச் சொல்கிறேன். அவரவர் பெற்றோரின் மாத்திரை, மருத்துவர் தேதி, விசாரிப்பு, பயணம் அவரவர் பொறுப்பு. மாமனாரின் செக்கப் தேதி இப்போது என் கணவரின் போனில் இருக்கிறது. முதல் மாதம் மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை, இரண்டாவது மாதம் அவரே கூட்டிக்கொண்டு போனார். மாமனாரை நான் வெறுக்கிறேன் என்று இரண்டு நாள் பேச்சு இருந்தது. பிறகு அடங்கிவிட்டது. ஃப்ரிட்ஜில் தாள் ஒட்டுவதை நிறுத்தினேன். மாவு தீர்ந்தால் கடையில் விற்கிறது. போனில் "அண்ணன் இருக்காரா அண்ணி?" என்று கேட்டு, மாத்திரையைப் பற்றி அண்ணனிடம் பேசுகிறேன். அவருக்குப் பதில் தெரியாதபோது, "தெரிஞ்சுகிட்டுக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுகிறேன்.

முக்கியமாக, எப்போது வரட்டும் என்று அம்மாவிடமே கேட்டேன். எழுபது வயதில் முதல் முறையாக யாரோ அவரிடம் தேதி கேட்கிறார்கள். கொஞ்ச நேரம் யோசித்தார். "மே மாசம் வேண்டாம்மா, முடியல. மழைக்காலத்துல வா. நீ மட்டும் வா" என்றார்.

போன நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகத்தில் லீவு சொல்லிவிட்டுப் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. அன்று சமையல் என்னுடையது, ரசமும் அப்பளமும்தான். அண்ணி மூன்று நாள் முன்பே கிளம்பிக் கூடலூருக்குத் தன் அம்மாவிடம் போயிருந்தார். அண்ணன் லீவு போட்டு வீட்டில் இருந்தார், வெந்நீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு. அம்மா கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஹட்டனில் தன் அம்மா மழை நாளில் சுட்டுக் கொடுத்த ரொட்டியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கதையை நான் அதுவரை கேட்டதே இல்லை. மே மாதங்களில் அதைச் சொல்ல அவருக்கு நேரம் இருந்ததில்லை.